போர்க்களத்து வாக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

தமிழ்ச் சபைகளில் பிரசங்கம் செய்யும் போதகர்களுக்கும், கன்வென்ஷன் மேடைகளில் பேசுகிறவர்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்



பழைய ஏற்பாட்டின் போர்க்கதைகளை நீங்கள் எடுத்துப் பேசும்போது ஏறக்குறைய எப்போதும் ஒரே வரிசையில்தான் பேசுகிறீர்கள். கர்த்தர் தம்முடைய தீர்க்கதரிசியின் வாயால் வாக்குக் கொடுத்தார். எதிரி பெரும் படையோடு வந்தான். சொன்னது சொன்னபடியே நடந்தது. ஆகவே உங்கள் காரியமும் நடக்கும். சபை அல்லேலூயா சொல்கிறது. மனம் சோர்ந்து வந்தவர்கள் நிமிர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். அந்த ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கதைகளை நீங்கள் நிறுத்துகிற இடம் என்னை வருத்துகிறது. வெற்றி கிடைத்த வசனத்தோடு வேதப் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். அதை எழுதி வைத்தவர்கள் அங்கே மூடவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவர்கள் சொன்னதைக் கேட்காமல் போகிற சபை, தீர்க்கதரிசனம் என்றால் என்ன என்பதையே தலைகீழாகக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஆகாபின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரம் உங்களுக்கு மனப்பாடம். சமாரியாவின் வாசலுக்கு முன்னால் இருந்த வெளியில் இரண்டு சிங்காசனங்கள் போட்டிருக்கின்றன. இஸ்ரவேலின் ராஜா ஆகாபும் யூதாவின் ராஜா யோசபாத்தும் ராஜவஸ்திரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ராமோத் கீலேயாத்தைச் சீரியரிடமிருந்து மீட்கப் போகலாமா என்று கேட்டதற்கு ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் போகச் சொல்கிறார்கள். கேனானாவின் மகன் சிதேக்கியா இரும்பில் கொம்புகள் செய்து மாட்டிக்கொண்டு, இவற்றால் சீரியரை முட்டித் தீர்ப்பீர் என்று நடித்தே காட்டுகிறான். இம்லாவின் மகன் மிகாயா ஒருவன்தான் வேறு சொல்கிறான்: மேய்ப்பன் இல்லாத ஆடுகளாக இஸ்ரவேலர் மலைகளில் சிதறிக் கிடப்பதைக் கண்டேன் என்கிறான். கன்னத்தில் அறை வாங்குகிறான். சிறைக்குப் போகிறான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த 400 பேரையும் பாகாலின் ஆட்கள் போலவே நீங்கள் சித்திரிக்கிறீர்கள். கதை அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் கர்த்தரின் நாமத்தில்தான் பேசுகிறார்கள். அது மட்டுமல்ல, அவர்கள் சொன்னதற்கு முன்னுதாரணமும் இருந்தது. இரண்டு அதிகாரம் பின்னால் போய்ப் பாருங்கள். சீரியாவின் ராஜா பெனாதாத் 32 ராஜாக்களோடு வந்து சமாரியாவை முற்றுகையிட்டபோது, பெயர் சொல்லப்படாத ஒரு தீர்க்கதரிசி இதே ஆகாபிடம் வந்து வெற்றி உனக்கு என்றான். வெற்றி கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆப்பெக்கிலும் அதே வாக்கு, அதே வெற்றி. பிறகு மூன்று ஆண்டு போர் இல்லை. அது கழிந்து அதே ராஜா, அதே எதிரி. 400 பேரும் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. போன முறை நிறைவேறிய வாக்கைத்தான் இந்த முறையும் எடுத்து நீட்டினார்கள். இரண்டு முறை கண்ணுக்கு முன்னால் பலித்த வாக்கு. அது மூன்றாம் முறை பொய்யானது.

இடையில் என்ன நடந்தது என்பது 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாபோத்தின் திராட்சத்தோட்டம் நடந்தது. பொய்ச்சாட்சி வைத்து ஒரு குடியானவனைக் கல்லெறிந்து கொன்று அவன் பரம்பரை நிலத்தை அரண்மனை எடுத்துக்கொண்டது நடந்தது. எலியா அந்தத் தோட்டத்துக்கே போய் ஆகாபை நேருக்கு நேர் நிறுத்தினான். இவ்வளவும் நடந்த பிறகும் அந்த 400 பேரில் ஒருவர் வாயிலும் நாபோத்தின் பெயர் வரவில்லை. ராஜாவுக்கு முன்னால் ராமோத் ஒன்றுதான் இருந்தது. அவர்களுக்கும் அதுதான் தெரிந்தது. நீங்கள் 22-ஆம் அதிகாரத்தைத் தனியாகப் பிரசங்கிக்கும்போது, ஐயாமாரே, நீங்களும் நாபோத்தை விட்டுவிடுகிறீர்கள். அப்போது மிகாயாவின் சொல் காரணமில்லாத ஒரு கெட்ட செய்தியாகவும், அம்பு ஒரு மாய வித்தையாகவும் ஆகிவிடுகிறது.

அந்த அம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிகாயாவை நம்பவில்லை என்று காட்டிக்கொண்ட ஆகாப், போருக்குப் போகும்போது வேஷம் மாறிப் போகிறான். யோசபாத்தை மட்டும் ராஜவஸ்திரத்தோடு வரச் சொல்கிறான். உள்ளுக்குள் அவன் எந்த வாக்கை நம்பினான் என்பது அந்த உடையில் தெரிகிறது. சீரிய ராஜா தன் 32 ரதத் தலைவர்களுக்கு, இஸ்ரவேலின் ராஜாவைத் தவிர வேறு யாரோடும் போரிட வேண்டாம் என்று கட்டளையிட்டிருந்தான். அவர்கள் யோசபாத்தைத் துரத்தி, ஆள் வேறு என்று கண்டு விட்டுவிடுகிறார்கள். கட்டளை பெற்றவர்களால் முடியாததை, பெயர் தெரியாத ஒருவன் குறி பார்க்காமல் நாணை இழுத்து விட்ட அம்பு முடித்தது. கவசத்தின் சந்தில் தைத்தது. ரதத்தைத் திருப்பச் சொன்னான் ராஜா. ஆனால் போர் கடுமையாக இருந்ததால், சீரியருக்கு எதிரே ரதத்தில் நிமிர்த்தி நிறுத்தப்பட்டபடியே சாயங்காலம் வரை இருந்து செத்தான். காயத்தின் இரத்தம் ரதத்தின் தட்டில் வடிந்தது. பொழுது அடையும்போது, அவனவன் ஊருக்குப் போகலாம் என்ற கூவல் பாளயம் முழுதும் எழுந்தது. மேய்ப்பன் இல்லாத ஆடுகள்.

நீங்கள் இங்கே முடித்து ஆமென் சொல்கிறீர்கள். மிகாயாவின் கதையோ முடியவில்லை. தான் சமாதானத்தோடு திரும்பும் வரை அவனுக்கு அளந்த அப்பமும் அளந்த தண்ணீரும் கொடுங்கள் என்பது ராஜாவின் கட்டளை. ராஜா உயிரோடு திரும்பவே இல்லை. அப்படியானால் சிறையில் இருந்தவனை யார் விடுவித்தார்கள்? புத்தகம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் சொன்னது முழுக்க நிறைவேறியது. அதனால் அவனுக்கு ஒரு பலனும் வந்ததாக எழுதப்படவில்லை. உண்மை சொன்னால் ஆசீர்வாதம் நிச்சயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களே, இந்த இடத்தில் சற்று நின்று, மிகாயா எங்கே என்று பிள்ளைகளையே கேட்கவிடுங்கள்.

நாய்கள் ஆகாபின் இரத்தத்தை நக்கின என்பதும் உங்களுக்குப் பிரியமான வசனம். எலியா சொன்னது, நாபோத்தின் இரத்தத்தை நாய்கள் நக்கின அதே இடத்தில் என்று. அது யெஸ்ரயேல். ரதத்தைக் கழுவியதோ சமாரியாவின் குளத்தில். இடம் மாறியிருக்கிறது. எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை; ஆகாப் இரட்டு உடுத்தித் தாழ்ந்து நடந்ததால் தண்டனை அவன் மகன் நாட்களுக்குத் தள்ளிப்போனது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மகன் யோராமின் உடல்தான் பிறகு நாபோத்தின் நிலத்தில் எறியப்பட்டது. எறியச் சொன்னவன் யெகூ. அவனுக்கு அபிஷேகம் நடந்த இடம் எது தெரியுமா? அதே ராமோத் கீலேயாத். கதை இத்தனை நுணுக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது; நீங்கள் ஒரே ஒரு நூலை மட்டும் உருவிக் காட்டுகிறீர்கள்.

யெகூவிடம்தான் நீங்கள் அதிகம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆகாபின் வீட்டைப் பற்றிய வாக்கை அவன் ஒரு எழுத்து விடாமல் நிறைவேற்றினான். ஆகாபின் 70 குமாரரின் தலைகள் கூடைகளில் யெஸ்ரயேலுக்கு வந்து, பட்டணத்து வாசலில் இரண்டு குவியலாகக் கிடந்தன. இவையெல்லாம் எலியாவின் வாயால் சொல்லப்பட்டவை என்று ஜனங்களுக்கு முன்னால் அவனே அறிவித்தான். 2 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரம் அவனைப் புகழ்ந்து, நான்கு தலைமுறை சிங்காசனத்தையும் வாக்களிக்கிறது. ஆனால் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திறந்தவுடன், முதல் அதிகாரத்திலேயே, தன் முதல் பிள்ளைக்கு யெஸ்ரயேல் என்று பெயர் வைக்கும்படி அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஏன்? யெஸ்ரயேலில் சிந்திய இரத்தத்துக்காக யெகூவின் வம்சம் தண்டிக்கப்படும் என்பதற்கு அடையாளமாக. வாக்கை நிறைவேற்றியவனின் கையிலிருந்த இரத்தம், வாக்கு நிறைவேறியதால் கழுவப்பட்டுவிடவில்லை. ஒரே வேதத்துக்குள் ஒரு புத்தகத்துக்கு இன்னொரு புத்தகம் இப்படிப் பதில் சொல்கிறது. இதைச் சபையில் நான் கேட்டதே இல்லை.

வாக்கு நிறைவேறாமல் நின்ற இடங்களையும் அவர்கள் மறைக்கவில்லை. 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல், யூதா, ஏதோம் ஆகிய மூன்று ராஜாக்கள் மோவாபின் ராஜா மேசாவின்மேல் படையெடுக்கிறார்கள். ஏழு நாள் சுற்றிப் போனதில் தண்ணீர் இல்லை. எலிசா சுரமண்டலம் வாசிக்கிறவனை அழைக்கச் சொல்லி, வாசிப்பின் நடுவே வாக்குச் சொல்கிறான்: பள்ளத்தாக்கு தண்ணீரால் நிரம்பும், மோவாபும் உங்கள் கையில் வரும். தண்ணீர் வந்த அதிசயத்தைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பற்றிக் கேட்டோமா? கீராரேசேத்தின் மதில்மேல் மேசா தன் மூத்த மகனைப் பலியிடுகிறான். இஸ்ரவேலின்மேல் கடுங்கோபம் மூண்டது. அவர்கள் திரும்பித் தங்கள் தேசத்துக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். யாருடைய கோபம் என்றுகூட எழுதியவர் விளக்கவில்லை. மரங்களை வெட்டி, ஊற்றுகளைத் தூர்த்து, நல்ல நிலத்தில் கல் போட்டு நிரப்பிய பின், கடைசி நகரத்தின் வாசலில் அந்த வாக்கு நின்றுபோகிறது.

அந்த மேசா தன் தரப்பைக் கல்லில் எழுதி வைத்தான். 1868-இல் திபானில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கியதற்குக் காரணம், மோவாபின் தேவனாகிய கேமோஷ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்ததுதான் என்று அதில் மேசா சொல்கிறான். பிறகு, இஸ்ரவேலிடமிருந்து நேபோவைப் பிடி என்று கேமோஷ் தனக்குச் சொன்னதாகவும், இரவில் போய், விடியலிலிருந்து மத்தியானம் வரை போரிட்டு, 7000 பேரைக் கொன்றதாகவும் பெருமையோடு எழுதுகிறான். அசீரியாவிலும் இப்படித்தான்: எசரத்தோன் ராஜாவுக்கு இஷ்தார் தேவியின் தீர்க்கதரிசிகள் சொன்ன வெற்றி வாக்குகள் நினிவேயின் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. போருக்குப் போகிற ராஜாவுக்கு, போ, ஜெயிப்பாய் என்று தன் தேவனின் பெயரால் சொல்ல எந்தத் தேசத்திலும் ஆள் இருந்தது. வெற்றி வாக்கும் அது பலித்ததும் மட்டுமே இஸ்ரவேலின் கதைகளுக்குப் பெருமை என்றால், அந்தப் பெருமையில் மோவாபுக்கும் பங்கு உண்டு. தன் சொந்த ராஜாவின் முகத்துக்கு எதிரே சொல்லப்பட்ட வாக்கை, அவனுடைய தோல்வியோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்துக் காத்தார்களே, அதைத்தான் நீங்கள் மேடையில் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

நியாயாதிபதிகள் 20-ஆம் அதிகாரத்தை எந்தக் கன்வென்ஷனிலும் யாரும் எடுப்பதில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. கிபியாவில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்காக எல்லாக் கோத்திரங்களும் பென்யமீன்மேல் திரள்கின்றன. நியாயம் தங்கள் பக்கம் என்று அவர்களுக்கு ஐயமே இல்லை. அதனால் போகலாமா என்று கேட்கவில்லை. யார் முதலில் போவது என்று மட்டும் கேட்டார்கள். யூதா என்று பதில் வந்தது. போனார்கள், 22,000 பேர் விழுந்தார்கள். அழுதுவிட்டு மறுபடி கேட்டார்கள். போகும்படி பதில் வந்தது. 18,000 பேர் விழுந்தார்கள். மூன்றாம் முறை உபவாசித்துப் பலியிட்டுக் கேட்டபோதுதான், நாளைக்கு ஒப்புக்கொடுப்பேன் என்ற சொல் வந்தது. வென்றார்கள். பென்யமீனில் ரிம்மோன் கன்மலைக்குத் தப்பிப்போன 600 ஆண்கள் மட்டுமே மிஞ்சினார்கள். அதன் பிறகு அந்த வெற்றி வீரர்கள் என்ன செய்தார்கள்? தேவ சந்நிதியில் உட்கார்ந்து, இஸ்ரவேலில் ஒரு கோத்திரம் இல்லாமல் போனதே என்று சத்தமிட்டு அழுதார்கள். கர்த்தரிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன், ஏன் தோற்றேன் என்று உங்கள் முன்னால் வந்து நிற்கிற மனிதருக்கு உங்களிடம் இருக்கும் ஒரே பதில், உங்கள் விசுவாசம் போதவில்லை என்பது. இந்த அதிகாரம் இருக்கும்போது அந்தப் பதிலைச் சொல்லாதீர்கள். அது அவர்களை இரண்டாம் முறை அடிக்கிறது.

கேகிலாவில் நடந்தது சிறிய செய்தி. சவுல் வருவானா, ஊரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா என்று தாவீது ஏபோத்தை வைத்துக் கேட்டான். வருவான், காட்டிக்கொடுப்பார்கள் என்று பதில் வந்தது. தாவீது தன் ஆட்களோடு ஊரை விட்டுப் புறப்பட்டான். சவுல் வரவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வாக்கு நடக்காமல் போனதில்தான் அதன் பயன் முழுதும் இருந்தது.

இப்போது யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு வருகிறேன். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் நுழைந்தான். அவன் அனுப்பிய ரப்சாக்கே எருசலேமின் மதிலோரம் நின்று, ஜனங்களின் பாஷையிலேயே கத்தினான். சனகெரிப் ஒரு செய்தி கேட்டுத் தன் தேசத்துக்குத் திரும்புவான், அங்கே பட்டயத்தால் விழுவான் என்று ஏசாயா சொன்னான். எருசலேம் விழவில்லை. கி.மு. 681-இல் சனகெரிப் தன் குமாரராலேயே கொல்லப்பட்டான். சொன்னதற்கும் அந்தச் சாவுக்கும் இடையில் 20 ஆண்டுகள். அதை நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. எருசலேம் தப்பியதைச் சொல்கிற நீங்கள் லாகீசைச் சொல்வதில்லை. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகச் சனகெரிப் தன் பதிவில் எழுதிக்கொண்டான். அரணான பட்டணங்களை அவன் பிடித்ததை 2 இராஜாக்களும் ஒப்புக்கொள்கிறது. லாகீசின் முற்றுகையை நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுமரத்தில் ஏற்றப்பட்ட மனிதர்கள், மூட்டை முடிச்சோடு மாட்டு வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சிறைப்பட்டுப் போகும் குடும்பங்கள் எல்லாம் அந்தக் கல்லில் தெரிகின்றன. அவர்களும் யூதாவின் ஜனங்கள்தான். எருசலேமுக்குள் இருந்தவர்களுக்கு வந்த விடுதலையின் வாக்கு அவர்களுக்கு வரவில்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழிந்தன. ஏசாயாவின் வாக்கு பலித்ததை எருசலேம் மறக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டது. ஆலயம் இருக்கிறது, ஒன்றும் நடக்காது என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, எரேமியா ஆலயத்தின் வாசலிலேயே நின்று, சீலோவுக்கு நடந்தது இந்த வீட்டுக்கும் நடக்கும் என்றான். அவனைப் பிடித்துக் கொல்லத் துடித்தவர்கள் ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும். அப்போது தேசத்தின் மூப்பர் சிலர் எழுந்து பேசியதை 26-ஆம் அதிகாரத்தில் தயவுசெய்து மெல்ல வாசியுங்கள். எசேக்கியாவின் நாட்களில் மீகா இதே எருசலேம் மண்மேடாகும் என்று சொன்னானே, ராஜா அவனைக் கொன்றானா, கர்த்தருக்குப் பயந்து கெஞ்சவில்லையா, அதனால்தானே அந்தத் தீங்கு வராமல் நின்றது என்று கேட்டார்கள். மீகாவின் வாக்கு நிறைவேறாமல் போனதைக் காட்டி எரேமியாவின் உயிரைக் காத்தார்கள்! சொன்னது நடக்காவிட்டால் அவன் பொய்யன் என்ற உபாகமத்தின் விதி அந்த மூப்பர்களுக்கும் தெரியும். ஆனாலும் மீகாவைப் பொய்யன் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

அதன் பின் அனனியா வருகிறான். இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயத்தின் பாத்திரங்கள் திரும்பி வரும் என்றான். எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தை எடுத்து உடைத்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏசாயாவின் குரலாகவே கேட்டிருக்கும். எருசலேமைக் கர்த்தர் காப்பார் என்பதைத் தவிர அனனியா என்ன சொன்னான்? சமாரியா வாசலில் அந்த 400 பேர் செய்ததையே எருசலேமில் இவன் செய்தான்: முன்பு நிறைவேறிய வாக்கை, காலமும் ஜனமும் மாறிய பிறகு, விசாரிக்காமல் திரும்பச் சொன்னான். எரேமியா முதலில் சொன்னது ஆமென். அப்படியே ஆகட்டும் என்றான். நகரம் தப்ப வேண்டும் என்ற ஏக்கம் அவனுக்கும் இருந்தது. அந்த ஆமெனை மனதில் கொள்ளாமல் அவனை எப்போதும் அழிவையே பேசிய கசப்பான மனிதனாகக் காட்டாதீர்கள்.

கடைசி நாட்களில் லாகீசும் அசேக்காவும் மட்டும் மிஞ்சியிருந்தன என்று எரேமியாவின் புத்தகம் சொல்கிறது. 1935-இல் லாகீசின் வாசலறையில் மை கொண்டு பானை ஓடுகளில் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில், அசேக்காவைக் காண முடியாததால் லாகீசின் தீ அடையாளங்களை நோக்கியிருக்கிறோம் என்று ஒரு காவல் அதிகாரி எழுதுகிறார். இன்னொன்றில் பெயர் சொல்லாத ஒரு தீர்க்கதரிசியிடமிருந்து வந்த எச்சரிக்கை பேசப்படுகிறது. போருக்கு நடுவே, படைவீரர்கள் கைக்குக் கை கடத்திய ஓட்டில் ஒரு தீர்க்கதரிசியின் எச்சரிக்கை. கேட்டவர்களுக்கு அது உயிர் போகும் விஷயம். கி.மு. 587-86 அளவில் எருசலேம் எரிந்தது.

சொன்னபடி நடக்காத வாக்குகள் இன்னும் உண்டு. யூதாவின் ராஜா யோசியாவுக்குச் சமாதானமான சாவைத் தீர்க்கதரிசினி உல்தாள் சொன்னாள்; கி.மு. 609-இல் மெகிதோவில் பார்வோன் நேகோ அவனைக் கொன்றான். நாளாகமம் இன்னும் துணிந்து, தேவனுடைய சொல் அந்த எகிப்திய ராஜாவின் வாயிலேயே வந்தது, யோசியா கேளாமல் ஆகாபைப் போலவே வேஷம் மாறிப் போய் அம்புபட்டான் என்கிறது. தீரு பட்டணத்தை நேபுகாத்நேச்சார் கொள்ளையிடுவான் என்றான் எசேக்கியேல். ஆண்டுகள் கழித்து, படைவீரர்களின் தலை மொட்டையாகித் தோள்பட்டை உரிந்தும் தீருவில் ஒரு கூலியும் கிடைக்கவில்லை என்று அதே எசேக்கியேல் 29-ஆம் அதிகாரத்தில் சொல்லி, எகிப்து அதற்கு ஈடாகும் என்கிறான். நீங்கள் அதைச் சொல்லாமல், கி.மு. 332-இல் அலெக்சாண்டர் கடலைத் தூர்த்துத் தீருவைப் பிடித்ததைக் கொண்டுவந்து ஒட்டுகிறீர்கள். எசேக்கியேலுக்கு உங்கள் ஒட்டுவேலை தேவைப்படவில்லை.

இதையெல்லாம் சொன்னால் விசுவாசிகள் இடறிப்போவார்கள் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். நான் கேட்கிறேன்: எரிந்த நகரத்திலிருந்து நடந்து போனவர்கள் இந்தக் கதைகளைத் தொகுத்தபோது, சங்கடமான வசனங்களை நீக்க அவர்களுக்கு எத்தனை காரணம் இருந்திருக்கும்? நீக்கவில்லை. அனனியாவின் வாக்கை நம்பி வீட்டை இழந்தவர்கள், வாக்கை எப்படிக் கேட்பது என்று தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர இவற்றை வைத்தார்கள். அவர்கள் தாங்கியதை நம் சபையாரும் தாங்குவார்கள். இடறல் எனக்கு வேறு இடத்தில் தெரிகிறது. புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறீர்கள். யுத்தம் உங்களுடையது அல்ல என்று யகாசியேல் யோசபாத்துக்குச் சொன்ன சொல் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதே யோசபாத்தை, ஆகாபோடு ராமோத்துக்குப் போனதற்காக ஒரு தீர்க்கதரிசி கடிந்துகொண்டான். பின்னால் அவன் கட்டிய கப்பல்கள் உடையும் என்று இன்னொருவன் சொல்ல, அவை உடைந்தன. மூன்றும் ஒரே மனிதனுக்கு வந்த வாக்கு. ஒன்றை மட்டும் அச்சடித்துக் கையில் கொடுத்து, ஆகஸ்டில் மருத்துவமனையில் பிள்ளையை இழந்த தாய் அதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வரும்போது என்ன சொல்வீர்கள்?

மேற்கு ஆசியாவில் குண்டு விழும் ஒவ்வொரு முறையும் சிலர் வரைபடத்தோடு மேடை ஏறுவதும் இதனால்தான். தமஸ்கு மண்மேடாகும் என்ற ஏசாயா 17-ஆம் அதிகாரத்தை இன்றைய செய்தியோடு வைத்து வாசிக்கிறார்கள். அந்த அதிகாரம் பேசிய தமஸ்குவை கி.மு. 732-இல் திகிலாத்பிலேசர் பிடித்து, அதன் ராஜா ரேத்சீனைக் கொன்றான். இன்று அந்த ஊரில் சாகிறவர்கள் உங்கள் பிரசங்கத்துக்குச் சான்றாகச் சாகவில்லை. தன் எதிரி அழிவான் என்று சொல்கிற வாக்கைக் கேட்டுச் சபை கை தட்டும்போது, சிசெராவின் தாய் பலகணி வழியே மகனின் ரதம் வர ஏன் தாமதம் என்று பார்த்திருந்ததைத் தெபோராளின் பாட்டே பாடியிருக்கிறதே, அந்த வசனத்தையாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எனவே உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த முறை மிகாயாவைப் பிரசங்கிக்கும்போது 1 இராஜாக்கள் 20-இல் தொடங்குங்கள். நாபோத்தின் தோட்டம் வழியாக ராமோத்துக்குப் போங்கள். யெகூவைக் கடந்து ஓசியாவின் முதல் அதிகாரத்தில் முடியுங்கள். ஒரே ஞாயிறில் முடியாது. நான்கு ஞாயிறு எடுத்துக்கொள்ளுங்கள். எசேக்கியாவின் விடுதலையைப் பேசும் மாதத்திலேயே எரேமியா 26-ஐயும் 28-ஐயும் பேசுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நாடகம் எழுதுகிறவர்களே, இரும்புக் கொம்போடு வரும் சிதேக்கியாவுக்குப் பிறகு சிறையில் அப்பத்தை அளந்து வாங்கும் மிகாயாவுக்கும் ஒரு காட்சி எழுதுங்கள். போர்க்களத்து வாக்கு ஒன்றை அட்டையில் அச்சடிக்கும் முன், அது யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது, அதற்குப் பின் அவருக்கு என்ன ஆனது என்பதைச் சபையில் ஒரு முறை வாசித்துவிட்டுக் கொடுங்கள். தேர்தலுக்கோ வழக்குக்கோ சொத்துச் சண்டைக்கோ போகிற ஒருவர் வந்து, வெற்றி உண்டு என்று சொல்லி ஜெபியுங்கள் ஐயா என்று கேட்டால், கை வைக்கும் முன் அந்த நிலம் யாருடையது என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் சபை அங்கம் ஒருவர்